படத்தில் ஒரு டிரான்சிஸ்டர் குறைகிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆக்சைடு படலத்தின் மின்தடையை மாற்றி 0, 1 என்று பிட்டுகளைச் சேமிக்கும் ‘மின்தடை மாறும் நினைவகம்’ பற்றிப் போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த வகைச் சிப்புகளில் பிட்டை எழுதும் சர்க்யூட்டை வரைவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

கட்டுரை முழுக்க ஆக்சைடைப் பற்றியே பேசுகிறது. முன்பு ஓடிய மின்னோட்டத்தை மின்தடையாக நினைவில் வைக்கும் ‘மெமரிஸ்டர்’ என்ற உறுப்பை 1971-ல் லியோன் சுவா என்ற பொறியியலாளர் காகிதத்தில் கணித்தது, 2008-ல் ஹெச்.பி. ஆய்வகம் அதை டைட்டானியம் டை ஆக்சைடில் காட்டியது, அப்புறம் ஹாஃப்னியம் ஆக்சைடு. எல்லாம் சரி. (ஆக்சைடு படலத்தின் மின்தடை மாறுவதை 1960களிலேயே பார்த்துவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.) ஆனால் ஒரு மின்துடிப்பு கொடுத்தால் பிட் பதிவாகிவிடும் என்று போகிற போக்கில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். எங்கள் தூக்கம் கெட்டது அந்த இடத்தில்தான்.

ஆக்சைடுக்குள் ஆக்சிஜன் அணுக்கள் விட்டுப்போன இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய இழையாகின்றன. இழை இருந்தால் மின்தடை குறைவு, அறுந்தால் அதிகம். இதுவரை கட்டுரையில் இருக்கிறது. அந்த இழை எவ்வளவு தடிக்கும் என்பது எழுதும்போது ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது என்பது இல்லை. இழை இணைந்ததும் செல்லின் (ஒரு பிட்டைத் தாங்கும் ஆக்சைடுத் துண்டின்) மின்தடை 100 கிலோ ஓமிலிருந்து 10 கிலோ ஓமுக்குச் சடாரென விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் அப்படியே நின்றால் மின்னோட்டம் பத்து மடங்கு. அது இழையை இன்னும் தடிக்க வைக்கும், தடித்த இழை இன்னும் அதிகமாக ஓடவிடும். பிடித்து நிறுத்த ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் ஒவ்வொரு செல்லோடும் ஒரு டிரான்சிஸ்டரைத் தொடராக இணைக்கிறோம். நிறுத்தாமல் விட்டால், அடுத்த முறை அந்தத் தடித்த இழையை அறுக்க முன்பைவிடப் பெரிய மின்னோட்டம் தேவைப்படும். அப்படிப்பட்ட செல் சீக்கிரமே ஒரே நிலையில் மாட்டிக்கொள்ளும்.

என் முதல் சோதனைச் சிப்பில் இதை நன்றாகவே அனுபவித்தேன். சில செல்கள் அழியவே மறுத்தன, சில அரைகுறையாகப் பதிந்தன. ஆறு வாரம், ஆக்சைடு படலம் போட்டவர்கள் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் பொறுமைசாலிகள். பிறகு ஒருநாள் பிழைகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மின்னோட்டம் கொடுக்கும் டிரைவருக்கு அருகிலிருந்த வரிசைகளில் இழை தடித்துப்போயிருந்தது. தள்ளியிருந்த வரிசைகளில் சரியாக வளரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத அதே கதை! ஆக்சைடின் மேல் குற்றமே இல்லை, குற்றம் கம்பியில். 1 கிலோ ஓம் கம்பியில் 100 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2 வோல்ட்டில் இது வெறும் 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் இழையை வளர்க்கும் ஆக்சிஜன் அயனிகள் நகரும் வேகம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அடுக்குக்குறி வேகத்தில் ஏறும்.

டிரைவரை மேல் பக்கத்திலும் தரையிணைப்பைக் கீழ்ப் பக்கத்திலும் மாற்றி வைத்தோம். இப்போது எந்தச் செல்லுக்கும் மொத்தக் கம்பி நீளம் ஒன்றே. தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. தரையிலிருந்து தள்ளியிருக்கும் செல்லில் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையின் (தரைப் பக்கம் இருக்கும் முனை) மின்னழுத்தம் சற்று மேலே ஏறிவிடுகிறது. கேட் (எவ்வளவு ஓடவிடுவது என்று கட்டுப்படுத்தும் முனை) மின்னழுத்தம் அதேதான் என்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கி, டிரான்சிஸ்டர் விடும் மின்னோட்டமும் குறைகிறது. கடைசியில் வரிசையைப் பார்த்து வேர்ட் லைனை (ஒரு வரிசையின் கேட்டுகளை இணைக்கும் கம்பி) சில பத்து மில்லிவோல்ட் ஏற்றி இறக்கும்படி செய்தோம். வெப்பநிலை மாறினாலும் டிரான்சிஸ்டர் விடும் மின்னோட்டம் மாறும், அதற்கு வழி சுலபம். செல்லில் இருப்பது போன்ற டிரான்சிஸ்டர் ஒன்றை ஓரமாக வைத்து, அதில் 100 மைக்ரோ ஆம்பியரைக் கட்டாயமாக ஓடவிட வேண்டும். அதன் கேட் எங்கே போய் நிற்கிறதோ, அந்த மின்னழுத்தத்தையே வேர்ட் லைனுக்கு அடிப்படையாகக் கொடுத்துவிடலாம். சூடு ஏறினால் இரண்டும் சேர்ந்தே மாறும்.

இவ்வளவுக்கு எதற்கு, டிரைவரிலேயே மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானே கேட்டிருக்கிறேன். டிரைவரிலிருந்து செல்களுக்குப் போகும் பிட் லைன் நீளமான கம்பி, அதற்கென்று ஒரு மின்தேக்குதிறன் உண்டு. டிரைவர் 100 மைக்ரோ ஆம்பியரோடு நிறுத்திக்கொண்டாலும், கம்பியில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் மின்னூட்டம் அதைக் கேட்காது. செல் 5 கிலோ ஓமுக்கு விழும் கணத்தில் கம்பி 2 வோல்ட்டில் நின்றால், அந்த ஒரு கணம் பாய்வது 400 மைக்ரோ ஆம்பியர். அதனால்தான் வரம்பு வைக்கும் டிரான்சிஸ்டர் செல்லை ஒட்டியே இருக்க வேண்டும். ஆய்வக மேசையில் தனிச் செல்லை அளக்கும்போதும் இதே தொல்லைதான். கருவியில் வரம்பு வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். அந்த வரம்பு விழித்துக்கொள்வதற்குள் நானோ செகண்டுகளில் இழை தடித்து முடிந்திருக்கும்.

ஒரே நேரத்தில் பல பிட்டுகளை எழுதும்போது பொதுக் கம்பியில் ஒன்றின் மின்னோட்டம் இன்னொன்றைக் குலைப்பது தனிக்கதை. அதற்கு இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

கட்டுரையோடு இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஆக்சைடு இருப்பதாக ஒரு படம் போட்டிருந்தீர்கள். அழகான படம். மறுபடி அச்சிடும்போது அதன் கீழே ஒரு டிரான்சிஸ்டரையும் வரையச் சொல்லுங்கள், செல்லை மிகவும் ஒட்டி.

இப்படிக்கு,
ஒரு சர்க்யூட் வடிவமைப்பாளர்