என் மகளின் கேள்வியை அடக்காதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பங்குத்தந்தையருக்கும் போதகர் ஐயாமார்களுக்கும்,

தோத்திரம். நான் ஏலத்தகிரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். தருமபுரியில் வாழ்க்கைப்பட்ட வீடு புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ. அதனால் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வேதப் புத்தகங்கள் உண்டு: மாமியாரின் பழைய வேதாகமம், 1995இல் வெளிவந்த என் திருவிவிலியம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து புதிய ஏற்பாட்டில் யோவானின் முதல் கடிதமான 1 யோவான் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தாள். பழையதில் ஏழாம் வசனம், பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்கிறது. என்னுடையதில் அந்த வரி இல்லை. “யாரும்மா எடுத்தது?” என்றாள். ஒரு ஜெபக்கூட்டத்திலும் அதையே கேட்டாள். “சந்தேகம் சாத்தான் போடுற விதை” என்று பேச்சை முடித்துவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

யாரும் எடுக்கவில்லை, பிற்பாடு சேர்ந்த வரி அது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது கிடையாது. இலத்தீன் பிரதிகளில் வளர்ந்தது. 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதை விட்டுவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த வழியாகத்தான் மாமியாரின் புத்தகம்வரை வந்திருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. யோவான் நற்செய்தியில் வரும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ இரவு அழுதிருக்கிறேன். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. அவற்றில் மாற்கு நற்செய்தியும் 16:8இல், பெண்கள் கல்லறையிலிருந்து பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகிறது.

நம்பாதவர்கள் இன்னும் கேட்கிறார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், மத்தேயு சொல்வதுபோல் நான்றுகொண்டு செத்தானா, அப்போஸ்தலர் பணி சொல்வதுபோல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தா? மத்தேயுவில் இயேசு ஏரோது அரசன் காலத்தில் பிறக்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 வாக்கில். இயேசு பிறந்த வேளையில் நடந்ததாக லூக்கா சொல்லும், ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6இல் நடந்தது. இதற்கெல்லாம் நீங்கள் தரும் சமாதானங்களையும் படித்தேன். சில பொருந்துகின்றன, சில இழுத்துக் கட்டியவை.

ஐயாமார்களே, குருமடத்திலும் இறையியல் கல்லூரியிலும் நீங்கள் படித்துத் தேறிய பாடம்தானே இது? பீடத்தில் ஏறியதும் ஏன் மறைக்கிறீர்கள்? தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பாருங்கள். கல்வெட்டைப் பதிப்பிப்பவர்கள் தேய்ந்த எழுத்தை அடைப்புக்குறியில் போட்டு, இங்கே உறுதியில்லை என்று காட்டுகிறார்கள். அதனால் அந்த வீரன் சாகவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்த அடைப்புக்குறிகளைக் காட்டுங்கள்.

வருகிற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இரு சபையாரும் சேர்ந்து, பிரசங்கம் இல்லாமல், கேள்விகளுக்கு மட்டும் உட்காருங்கள். இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு என் மகளைக் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒரு தாய்