ஏரிக்கரையில் ஒரு சுண்டைக்காய்

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள், உன் சோம்பல் எனக்குத் தெரியும். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. முப்பது வருஷம் ஏற்காடு வண்டியில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால், சும்மா விடுமா?

பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சூரியக் குடும்பம் மாடல் செய்யச் சொன்னார்களாம். தெர்மகோல் உருண்டைகளைக் குத்தி வைத்திருந்தாள். எண்ணினால் எட்டு. "புளூட்டோ எங்கே பாப்பா?" என்றேன். "அதை 2006லயே எடுத்துட்டாங்க தாத்தா" என்கிறாள், ஏதோ ரூட்டை ரத்து செய்த மாதிரி. ஒன்பது கோள் ஒப்பிக்காமல் அடி வாங்கியவர்கள் நாம்; எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்புறம் அவளே விளக்கினாள். 2005ல் புளூட்டோ மாதிரியே சூரியனைச் சுற்றுகிற எரிஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அளவில் புளூட்டோவைவிடத் துளி சிறியது, நிறையில் கால் பங்குக்கு மேல் அதிகம். அதையும் கோள் என்றால் ஹௌமியா, மாகேமாகே என்று வரிசை கட்டி நிற்கின்றன. அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக் குறுங்கோள் என்று தனி ஜமா ஆக்கிவிட்டார்கள். யோசித்தால் தீர்ப்பு சரிதான்.

ஆனால் மாடலில் எல்லா உருண்டைக்கும் நடுவே ஒரே சாண் இடைவெளி. கண்டக்டருக்கு அது பொறுக்குமா? உட்கார்ந்து பஸ் ரூட் மாதிரி தூரம் பிரித்து ஸ்டேஜ் போட்டேன். சேலத்தில் சூரியன், ஏற்காடு ஏரியில் புளூட்டோ, நடுவே 30 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சூரியன் 7 மீட்டர், மாடி வீட்டு உயரம். முக்கால் கிலோமீட்டரில் பூமி, டென்னிஸ் பந்து அளவு. நாலாவது கிலோமீட்டரில் வியாழன். அடிவாரத்தை நெருங்கும்போதே சனி வந்துவிடுகிறது. அதற்கு மேல் அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் யுரேனஸ், நெப்டியூன் இரண்டே பேர். ஏரிக்கரையில் புளூட்டோ ஒரு சுண்டைக்காய். எரிஸ் இப்போது இருக்கும் இடத்துக்கு டிக்கெட் கேட்டால் ஏற்காட்டையும் தாண்டி இன்னும் 40 கிலோமீட்டர்!

இதில் ஒரு கூத்து. புளூட்டோ சில சமயம் நெப்டியூன் ஸ்டேஜுக்கும் உள்ளே வந்துவிடும். 1979 முதல் 1999 வரை அப்படித்தான் இருந்ததாம். அந்த இருபது வருஷம் பிள்ளைகள் ஒப்பித்த வரிசையே தப்பு.

இன்னொரு கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. சூரிய வெளிச்சம் புளூட்டோவுக்குப் போக ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். 30 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி என்றால் ஆள் நடக்கிற வேகம்டா! பத்தாவது லீவில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நாம் ஏற்காட்டுக்கு நடந்தோமே, கிட்டத்தட்ட அதே நடை. வெளிச்சமே நடந்து போகிற ரோட்டில், 2006 ஜனவரியில் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நாளைக்கு ஏழெட்டு மீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. 2015 ஜூலை 14ல் போய்ச் சேர்ந்தது. நீ என் வண்டியை ஆமை என்பாய்.

அது எடுத்த படங்களைப் பேத்தி போனில் காட்டினாள். இதய வடிவில் வெள்ளையாக ஒரு பெரிய திட்டு. அதில் ஒரு பாதி, ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு உறைந்த நைட்ரஜன் சமவெளி. ஓரத்தில் மலைகள், எல்லாம் தண்ணீர் ஐஸ். மைனஸ் 230 டிகிரியில் தண்ணீர்தான் அங்கே பாறை. ஒரு மலைத்தொடருக்கு நம் டென்சிங் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை அவளோடு பஸ் ஏறி, கொல்லைச் செடியில் பறித்த சுண்டைக்காயை ஏரிக் கம்பி வேலியின் திண்டில் வைத்தோம். இருபது அடி தள்ளி வந்து திரும்பினால் கண்ணுக்கே தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து எடுத்துக் கடித்தது. கசந்ததோ என்னவோ, துப்பிவிட்டுப் போனது. பேத்தி சிரித்த சிரிப்பில் படகுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணில் கட்டு பிரித்ததும் ஒரு நடை வந்து போ. தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன். ஏற்காட்டுக்கு இந்த முறை பஸ்ஸிலேயே போவோம்.

உன்,
மாணிக்கம்