யார் எப்படி வாக்களித்தார் என்பது பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு மசோதாவில் தங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று மக்கள் பார்ப்பதில்லை, கட்சியையும் சின்னத்தையும் பார்த்தே வாக்களிக்கிறார்கள் என்ற பேச்சு தேர்தல்தோறும் எழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பழி முழுவதையும் வாக்காளர் தலையில் கட்டுவது நியாயமன்று.

உறுப்பினரின் நிலைப்பாடு வெளிப்படையாகத் தெரிந்த இடங்களில் மக்கள் கணக்குக் கேட்டே இருக்கிறார்கள். 1993 ஆகஸ்டில், அதிபர் கிளின்டனின் வரவு செலவுத் திட்டம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 218-216 என்ற கணக்கில் நிறைவேறியது. அதை எதிர்க்கப்போவதாக அறிவித்திருந்த பென்சில்வேனியா உறுப்பினர் மார்ஜோரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி, கடைசி நேரத்தில் ஆதரித்து வாக்களித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அந்த ஆண்டு அவருடைய கட்சியே நாடெங்கும் சரிந்தது என்பதால், தோல்விக்கு அந்த ஒரு வாக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எப்படி வாக்களித்தார் என்பது தொகுதிக்குத் தெரிந்திருந்தது. அவரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நம் அவைகளில் நடப்பது வேறு. மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் குரல்கள் எழுகின்றன. எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத் தலைவர் அறிவித்ததும் சட்டம் நிறைவேறிவிடுகிறது. யாரேனும் வலியுறுத்தி 'டிவிஷன்' நடந்தால்தான், யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயர்வாரியாகப் பதிவாகும். சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படும் அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களைத் தவிர, மற்றவை பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள், எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும், மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. கோடிக்கணக்கான உழவர்களைப் பாதிக்கும் சட்டத்தில் ஒவ்வோர் உறுப்பினரின் நிலையும் ஏட்டில் ஏறாமல் போனது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

இதற்கு மேல் கொறடா உத்தரவு, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை. 1967க்குப் பிறகு மாநில அரசுகளைக் கவிழ்த்துவந்த கட்சித் தாவலைத் தடுக்க, 1985இல் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசின் ஆயுளோடு தொடர்பே இல்லாத மசோதாவில்கூட, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம் என்ற நிலையில், உறுப்பினருக்குச் சொந்த நிலைப்பாடு எங்கிருந்து வரும்? சொந்த நிலைப்பாடே இல்லாதவரிடம் வாக்காளர் எதைக் கேட்பார்? சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றித்தான் கேட்பார். நம்பிக்கை வாக்கெடுப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் கொறடாவை மீறி வாக்களிப்போருக்கும் தாமாகக் கட்சியை விட்டு விலகுவோருக்கும் மட்டுமே தகுதியிழப்பு என வரையறுக்கலாம் என்று தேர்தல் சீர்திருத்தங்களுக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே கிடக்கிறது.

சட்டத்தைத் திருத்தக் காலம் பிடிக்கலாம். ஒவ்வொரு மசோதாவின் இறுதி வாக்கெடுப்பையும் பெயர்வாரியாகப் பதிவு செய்ய அவை விதிகளை மாற்றினாலே போதும். அதுவரை, டிவிஷன் நடக்கும் ஒவ்வொரு முறையும், நம் மாநில உறுப்பினர்களில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் அவைக்கே வரவில்லை என்ற பட்டியலைத் தங்கள் நாளிதழ் தொகுதிவாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்