எடைக்கு மாத்திரை தேடும் மகளுக்கு

அன்பு மகள் கலைவாணிக்கு,

குடியாத்தத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். எடை குறைவதற்கென்று மாதந்தோறும் புரோபயாடிக் மாத்திரை, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, வாங்குவதாக நீ தொலைபேசியில் சொன்னதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதத் தோன்றியது.

குடல் பாக்டீரியாவுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்புண்டு என்பது கட்டுக்கதையன்று. அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்குப் பருத்த எலியின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தியபோது, மெலிந்த எலியின் நுண்ணுயிர்களைப் பெற்றவற்றைக் காட்டிலும் அவற்றுக்குக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். 2013-இல் அதே குழு, ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த மனித இரட்டையரின் நுண்ணுயிர்களை எலிகளுக்குச் செலுத்திச் சோதித்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்த இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டதும் மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் மற்ற எலிகளுக்கும் பரவிப் பருமனைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்து மிகுந்த தீனி இருந்தால்தான் அது நடந்தது. மாத்திரை விற்பவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

மனிதரிடம் கிடைத்த பலன் சிறிது. லாக்டோபேசிலஸ் காஸ்ஸெரி (Lactobacillus gasseri) என்னும் பாக்டீரியா சேர்த்த புளித்த பாலை 12 வாரம் குடித்த ஜப்பானியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு ஓரளவு குறைந்தது. நிறுத்திய 4 வாரத்தில் அந்தப் பயனும் தேய்ந்தது. வெளியிலிருந்து வரும் பாக்டீரியா பெரும்பாலும் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வந்தவர்களைப் போல, வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன.

ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்கு இரை போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் அவை நொதிக்கச் செய்து உண்டாக்கும் ப்யூட்டிரேட் போன்ற அமிலங்கள், குடற்சுவரின் செல்களுக்கு எரிபொருளாவதோடு, பசியை அடக்கும் ஹார்மோன்கள் சுரக்கவும் தூண்டுகின்றன. கேழ்வரகுக் களியும் மொச்சைக்கொட்டை போட்ட கீரைக் குழம்பும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் அதற்குப் போதும். மாத்திரையின் விலையில் பாதிகூட ஆகாது. இட்லி புளித்த மாவுதானே என்று உன் அம்மா வாதிடுகிறாள். ஆவியில் வெந்ததும் அந்தப் பாக்டீரியா மடிந்துவிடும் என்றேன். தயிரையும் பழையசோற்றையும் மட்டும் ஒப்புக்கொண்டேன். அவளுக்கு வருத்தம்தான்.

இன்னொன்று: சளி பிடித்தவுடன் மருந்துக்கடையில் நீயாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதே. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அம்மருந்தால் அது தீராது, குடலில் இருப்பவைதான் அழியும்.

கையிலுள்ள மாத்திரைப் பெட்டியில் பாக்டீரியாவின் முழுப் பெயரும், காலாவதி நாள்வரை உயிரோடிருக்கும் எண்ணிக்கையும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து எழுது. இல்லையெனில் அடுத்த மாதம் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா