சீட்டுக் கம்பி

பூதப்பாண்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, அடுக்களைப் பக்கத்து ஓடு மறுபடியும் ஒழுகுகிறது. தாழக்குடி அத்தை வீட்டு விஷயத்தை அண்ணன் சொல்லியிருப்பான், அதை விடு. நான் எழுத உட்கார்ந்தது சைக்கிளைப் பற்றி.

வேலைக்குப் போய்வர எடை குறைந்த, மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் சைக்கிள் ஒன்று, செகண்ட் ஹேண்டில் பார்க்கிறாயாம். அண்ணனிடம் யோசனை கேட்டிருக்கிறாய். அவனுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியாது. 31 வருஷம் சைக்கிள் கடையில் பெண்டு எடுத்து, பால்ரஸ் மாற்றி, ஓவராயில் பண்ணிய ஆள் நான் இங்கே இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. சரி. நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் செய்வேன்.

வியாழக்கிழமை பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று அம்மையிடம் சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். கியர் சைக்கிள் விற்கிற கடை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அந்தப் பையன் நல்ல பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அலுமினிய ரோடு பைக் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். 10 கிலோ. நம் கடையில் இருந்த கம்பி பிரேக் வண்டி 20 கிலோவுக்குக் குறையாது, கேரியரும் ஸ்டாண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதை ஒரு கையால் தூக்கி நிறுத்திவிட்டேன். உன்னிடம் இருக்கிற முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி 16 கிலோவாவது இருக்கும் என்றான். அதை மூன்றாம் மாடிக்குத் தூக்குகிறாய், மறுபடி இறக்குகிறாய். ஆக, எடை குறைந்தது வேண்டும் என்று நீ நினைத்தது சரிதான்.

ஆனால் மக்களே, எடையைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதே. சமதரையில் 6 கிலோ குறைவது அவ்வளவாகத் தெரியாது, மாடிப்படியிலும் மேட்டிலும்தான் தெரியும். சமதரையில் உன்னைக் களைக்க வைப்பது அந்தத் தடித்த டயரும் மிதிக்கிறபோதெல்லாம் அமுங்கி எழுகிற ஷாக்கும் காற்றும்தான். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளைக்கு மிதித்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், காற்றுக்கு முன்னால் எடை எல்லாம் ஒன்றுமே இல்லை. எடை பிறகு. உன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முதலில். ஏறி உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதே.

பொங்கலுக்குப் பிறகு குரூப்பில் உன் சைக்கிளோடு ஒரு போட்டோ போட்டாயே, அதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டுக் கம்பி இரண்டு விரற்கடைதான் வெளியே தெரிகிறது. சீட்டை முழுக்க இறக்கி வைத்திருக்கிறாய். சீட்டில் இருந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய நிற்கிறாய். அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. அப்படி மிதித்தால் முட்டு எப்போதும் மடங்கியே இருக்கும், கால் நீளவே நீளாது. முட்டின் முன்பக்கம் வலிக்கும்.

அம்மை உன்னோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில்தான் போடுவாள் என்று உனக்குத் தெரியாதா? முட்டு வலிக்கு ஃபிசியோதெரபி போகிறாய் என்பதும் கேட்டது, அப்பாவிடம் சொல்லாதே என்பதும் கேட்டது. வலது முட்டு.

சீட்டை ஏற்று. எவ்வளவு என்று சொல்கிறேன். செருப்பில்லாமல் சுவரோரம் நில், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடையிடுக்கில் இறுக்கி மேலே வை, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அள. அதை 0.883-ஆல் பெருக்கினால், இரண்டு பெடல் தண்டும் சுற்றுகிற நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை இருக்கவேண்டிய நீளம் கிடைக்கும். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்காம் இது, அந்தப் பையன் சொன்னான். உன் உள்கால் 73 சென்டிமீட்டர் என்றால் சீட்டு உயரம் 64 அரை. நாங்கள் கடையில் விரல்நுனியை அச்சில் வைத்து, சீட்டு அக்குளில் முட்டுகிறதா என்று பார்ப்போம். ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி உனக்குக் கால் எட்டாது. எட்டவும் கூடாது. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்கையில் மேல்குழாய்க்கும் உனக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். உன் 5 அடி 2 அங்குலத்துக்கு 47, 48 சென்டிமீட்டர் அளவு ஃபிரேமில் தேடு. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று 52 எடுத்துவிடாதே. ஹேண்டில்பார் தூரமாகப் போய்விடும், உள்ளங்கையில் பாரம் விழுந்து சுண்டுவிரல் மரத்துப்போகும். ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் 100 மில்லிமீட்டர் இருப்பதை 80 ஆக்கலாம், அவ்வளவுதான். பெரிய ஃபிரேமைச் சின்னதாக்க முடியாது. சின்ன ஃபிரேமில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பெடலை முன்னால் வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் கால்விரல் முன்டயரில் உரசுகிறதா? மட்கார்டு போட்டால் இன்னும் உரசும். பெங்களூர் மழைக்கு மட்கார்டு வேண்டும், அதனால் அதற்கு இடமும் ஓட்டையும் இருக்கிற வண்டியாகப் பார். டயர் 28 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் போட முடிய வேண்டும், 32 போகும் என்றால் ரொம்ப நல்லது. 25-ஐப் போட்டுக்கொண்டு அந்தக் குழிகளில் விழுந்தால் ரிம் தாங்காது.

பழைய வண்டியில் செயினைப் பார்க்காமல் விடாதே. அரை அங்குலக் கண்ணிதான், நம் வண்டிகளுக்கும் அதேதான். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் பின்னால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், அந்தக் காசைக் குறைத்துக் கேள். கார்பன் ஃபிரேம் வேண்டாம். ஆபீஸ் ஸ்டாண்டில் நாலு வண்டி அதன்மேல் சாயும், உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. இருக்கிற சைக்கிளை விற்காதே, கடைக்குப் போகவும் அடைமழைக்கும் அது கிடக்கட்டும். ஏறி உட்கார்ந்து பார்க்காமல் மட்டும் வாங்காதே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், செயின் கண்ணி வரைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2003-இல், நீ ஏழாம் வகுப்பு. கடையில் சிவப்பு நிறத்தில் 20 அங்குல லேடீஸ் சைக்கிள் ஒன்று இருந்தது. தினமும் ஸ்கூல் விட்டு வந்து அதன் பெல்லை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாய். உனக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் அது இல்லை. ஃபோர்க் வளைந்திருந்தது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன். அது பொய். வட்டி கட்டவேண்டிய நாள் அது, ஒருத்தர் ரொக்கமாக 2,100 ரூபாய் எடுத்து வைத்தார், கொடுத்துவிட்டேன். எடுக்க ஆளில்லாமல் கிடந்த 22 அங்குலத்தை உனக்குத் தந்தேன். வளருகிற பிள்ளை, ஆறு மாசத்தில் கால் எட்டிவிடும் என்றேன். சைக்கிள் கடைக்காரன் நான். நீ முதல் நாள் போனதைப் பின்னால் நின்று பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் உன் இடுப்பு சீட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறங்கி ஏறியது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கூப்பிடவில்லை.

புத்தேரிக் குளத்தங்கரையில் பஸ் வந்தபோது ஊன்ற உனக்குக் கால் எட்டவில்லை. ஏழு தையல். ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கவனமில்லாத கழுதை என்று ஏசினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சைக்கிள் எடுத்தாலும் ஸ்பேனரை வாங்கி நீயே சீட்டை இறக்கிவிடுவாய். 22 வருஷமாக இறக்கித்தான் வைத்திருக்கிறாய். உன் பேரில் கவனக்குறைவு ஒன்றும் இருக்கவில்லை மக்களே. வண்டி பெரிது. தப்பு என்னுடையது.

இது அம்மைக்கும் தெரியாது. நீ சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்.

சீட்டை ஒரேயடியாக ஏற்றாதே, பயமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்று. ஃபிசியோ பார்க்கிறவரிடமும் சைக்கிள் சீட்டைப் பற்றிச் சொல். வண்டிக்கு எவ்வளவு குறைகிறதோ நான் தருகிறேன், அண்ணனிடம் கேட்காதே. இதோடு தையல்காரர் டேப் ஒன்று வைத்திருக்கிறேன். மட்டிப்பழமும் வைக்கலாம் என்றாள் அம்மை, கூரியரில் போய்ச் சேருமுன் கனிந்து உடைந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

உள்கால் அளவை எடுத்ததும் சொல். மெசேஜில் வேண்டாம், போன் பண்ணு. என் நம்பருக்குப் பண்ணு. அடுத்த ஞாயிறு காலையில் நான் எங்கும் போகவில்லை.

அப்பா