எட்டு பார் லூப்பை விட்டு வெளியே வாருங்கள்

ஆசிரியருக்கு,

எலக்ட்ரானிக் இசை செய்ய என்னென்ன கருவி, மென்பொருள் வேண்டும் என்று உங்கள் கட்டுரை விலாவாரியாகச் சொன்னது, சரி. ஆனால் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு இசைப் படைப்பைக்கூட முடிக்காமல் தவிப்பவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பலர் மாட்டிக்கொள்வது எட்டு பார் லூப்பில்தான், அதாவது எட்டு தாளச் சுற்று நீளத்தில் சுழன்று ஓடும் சின்ன இசைத் துண்டில். அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, கிக் டிரம்மை (கனமான அடித்தாள ஒலியை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே ராத்திரி போய்விடும். லூப் ஓரளவு தேறியதும் அதை நான்கு நிமிடத்துக்கு அப்படியே பரப்பிவிட்டு, எங்கே எது வேண்டாமோ அதை வெட்டிக்கொண்டே வாருங்கள், தொடக்கம், ஏற்றம், இறக்கம் எல்லாம் மெல்ல உருவம் எடுக்கும். புது ஒலி தேடுவதை வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். சேர்த்துச் செய்தால் இரண்டுமே உருப்படாது. டிராக்குகளும் (ஒவ்வொரு ஒலிக்குமான தனி வரிசை) ரூட்டிங்கும் (எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்ற இணைப்பு) முன்கூட்டியே போட்ட டெம்ப்ளேட் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். அப்புறம் பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை (ஒலியின் நுண்ணிய துணுக்கை) எடுத்துக் கையாள்கிறது என்ற அளவு: கீபோர்டில் வாசித்துப் பதியும்போது 128 சாம்பிள், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லிவினாடி தாமதம். பதிந்த ஒலிகளைச் சமன்செய்து கலக்கும் மிக்ஸிங்குக்குத் தாமதம் பெரிதில்லை, 1024 வைக்கலாம். சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) டிராக்குகளை ஆடியோவாக மாற்றிவிட்டால் கணினியும் மூச்சு விடும், குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும் நம் கையும் அடங்கும். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்