டர்னரின் கடல்

அன்புள்ள தம்பி,

கப்பலில் சிக்னல் கிடைக்கும்போது படித்துக்கொள், அவசரமில்லை.

நேற்று உன் அக்கா என்னை இங்கே லண்டனில் டேட் பிரிட்டன் என்ற ஓவியக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். டர்னர் என்ற ஓவியரின் படங்களுக்கென்றே அங்கே 1987-இல் தனிக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் உள்ளே போனேன்.

ஒரு படத்தின் முன்னால் நின்றவன் நகரவில்லையப்பா. மூன்றடிக்கு நாலடி இருக்கும். துறைமுக வாயில் பனிப்புயலில் மாட்டிய நீராவிக் கப்பல், 1842-இல் காட்சிக்கு வைத்தது. கப்பலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்புப் புகை மேலே எழும்பி, காற்றில் முறிந்து சுழல்கிறது. நடுவில் ஒரு வெள்ளை வெளிச்சம், அதில் குச்சிபோல் பாய்மரம். வானம் எது, தண்ணீர் எது, தெரியவில்லை.

பதினாலு வயதில் தாத்தாவோடு தோணியில் கொழும்புக்குப் போனேன் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? ஐப்பசிக் காற்று பிடித்துக்கொண்ட அந்த ராத்திரி எனக்குத் தெரிந்த கடல் இதேதான். கரையில் நின்று பார்த்தால்தான் அலை அலையாகத் தெரியும். உள்ளே இருக்கிறவனுக்கு எல்லாம் ஒரே சுழல். தோணியை ஓட்டிய தண்டல் பக்கத்தில் நின்று கத்தியதுகூட என் காதில் விழவில்லை.

சோப்பு நுரையும் சுண்ணாம்பும் என்று அந்தக் காலத்தில் இந்தப் படத்தைக் கேலி செய்தார்களாம். கடல் எப்படி இருக்குமென்று நினைக்கிறார்கள், அவர்களே அதில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று டர்னர் வருத்தப்பட்டாராம். புயலைப் பார்க்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி நாலு மணி நேரம் இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். படம் காட்சிக்கு வந்தபோது வயது 67. அந்தக் கதையை நம்பாதவர்கள் உண்டு என்றாள் அக்கா. நான் நம்புகிறேன்.

அக்காவுக்குப் பிடித்தது வேறு படம். நார்ஹாம் கோட்டை, சூரியன் உதிக்கும் நேரம். நீலப் புகைபோலக் கோட்டை, ஆற்றில் பழுப்பாக ஒரு மாடு, மீதியெல்லாம் மஞ்சள் வெளிச்சம். அழகுதான். ஆனாலும் நான் திரும்பவும் கப்பல் படத்துக்கே போய்விட்டேன்.

போனில் கேட்டால், "கொஞ்சம் ஆட்டம்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். நேற்று அந்தப் புகையைப் பார்த்தபோது, அதன் அடியில் எஞ்சின் ரூமில் நீ நிற்பதாகவே தோன்றியது. இனி மோசமாக இருந்தால் மோசம் என்றே சொல். அம்மா காதுக்குப் போகாது.

அன்புடன்,
அப்பா